சமைப்பேன்

தூத்துக்குடியிலிருந்து கோலாலம்பூருக்குப் படிக்க வந்த ரொவீனாவுக்கு அன்று மாலைக்குள் ஓர் அறை வேண்டும். விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்தியப் பெண் என்றதுமே, சமையல் வாசனை வீடெல்லாம் ஏறும் என்று பல வீடுகளில் கைவிரித்துவிட்டார்கள்.

"சமைக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு, தங்கச்சி. மத்தத நான் பாத்துக்கிறேன் லா," என்றார் மலேசியத் தமிழரான வீட்டுத் தரகர் முனியாண்டி.

கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சமைப்பாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் தோளுக்குப் பின்னால் ஜன்னலோரக் கட்டில் தெரிந்தது. காலையிலிருந்து அலைந்த கால்கள் ரொவீனாவுக்குக் கடுத்தன.

"சமைப்பேன். மீன் குழம்பு வைப்பேன். கருவாடும் வறுப்பேன்."

கதவு சாத்தப்பட்டது.

"இப்ப எங்க போய்ப் படுப்ப?" தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரு பொய்தானே, சொன்னா என்ன?"

"ஒரு நாளைக்குன்னா சொல்லிருவேன். மூணு வருசம் எப்படிண்ணே பொய்யாவே இருக்கது?"

அவரிடமிருந்து இன்னொரு வீட்டின் போன் எண்ணை வாங்கி அவளே அழைத்தாள். எடுத்தவர் ஹலோ சொல்லி முடிப்பதற்குள், "எனக்கு ரூம் வேண்டும். நான் இந்தியப் பெண். தினமும் சமைப்பேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

பதில் வருவதற்குள், வைத்துவிடு என்று தரகர் சைகை காட்டினார். ரொவீனா போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.