வெள்ளோட்டம்

"சத்தமே சொல்லுதே, நல்ல வண்டின்னு! ஒரு சுத்து ஓட்டிப் பாக்கலாமா தம்பி?"

கெண்டலுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. தெற்கு ஜார்ஜியாவின் அந்தச் சின்ன ஊர்க் கடையில் அந்த மாதம் அவன் ஒரு டிராக்டரைக்கூட விற்றிருக்கவில்லை. வந்திருந்தவர் ரூஃபஸ் டிலார்ட் என்ற கறுப்பினப் பெரியவர். சர்ச்சுக்குப் புறப்பட்டதுபோல் கோட்டும் தொப்பியுமாக, மனைவி வெர்லீனோடு நின்றார்.

"தாராளமா ஓட்டுங்க ஐயா. உள்ள ஏ.சி. இருக்கு, பாட்டு கேக்கலாம். பணம் எப்படி, தவணையா?"

"தவணையா! கடன்னாலே எனக்கு அலர்ஜி தம்பி. இப்பத்தான் அரசாங்கம் நஷ்டஈடு குடுத்திருக்கு."

கெண்டல் கேள்விப்பட்டிருந்தான். தோலின் நிறத்தைப் பார்த்து விவசாயக் கடனில் வஞ்சிக்கப்பட்டவர்களுக்கு இத்தனை காலம் கழித்துப் பணம் வந்திருந்தது.

"உங்களுக்குக் கடனே தரலையா ஐயா?"

"தரவே மாட்டேன்னு சொல்லியிருந்தாக்கூடத் தேவலை. பக்கத்து நிலத்து வெள்ளைக்காரன் விதைப்புக்கு முன்னாடியே வாங்கிட்டுப் போயிடுவான். என்னை மட்டும் 'அடுத்த வாரம் வா'ம்பாங்க. பணம் கைக்கு வர்றப்ப களை இடுப்பளவு நிக்கும்."

"டிராக்டருக்குக் கேட்டதைச் சொல்லு" என்றாள் வெர்லீன்.

"அதுவா? அந்த ஆபீசர் சிரிச்சான். 'உனக்கெதுக்கு டிராக்டர், கோவேறு கழுதை செத்துப்போச்சா?'ன்னான்."

"வீட்டுக்கு வந்து இந்த மனுஷன் ரெண்டு நாள் சாப்பிடல தம்பி. கழுதைதான் நல்லாச் சாப்பிட்டுச்சு."

மூவரும் சிரித்தார்கள். கெண்டலின் சிரிப்புதான் முதலில் நின்றது.

வெள்ளோட்டம் பார்ப்பதற்கென்றே கடைக்குப் பின்னால் நிலம் விட்டிருந்தார்கள். டிராக்டரில் ஏறுவதற்குள் ரூஃபஸுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. கலப்பையை இறக்கினார். செம்மண் பொலபொலவென்று புரண்டது.

"அடேயப்பா, நூல் பிடிச்ச மாதிரி ஓட்டுறாரே!"

வெர்லீன் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டான் கெண்டல்.

ஒரு சுற்று முடித்து இறங்கிய ரூஃபஸ், வண்டியின் மூக்கைத் தட்டிக்கொடுத்தார்.

"அந்த வயசுல இது கையில இருந்திருக்கணும், வெர்லீன்."

"போதும், வாய்யா. நெஞ்சு வலி வந்துடப் போகுது."

வியாபாரம் படிந்துவிட்டது என்று கெண்டல் பேனாவை எடுத்தான்.

"உங்க நிலம் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க ஐயா. நாளைக்கே வண்டியைக் கொண்டுவந்து விட்டுடுறோம்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வண்டி வேணாம் தம்பி, மன்னிச்சுக்கோ" என்றார் ரூஃபஸ். அவர் கண் புரண்டு கிடந்த மண்ணைவிட்டு நகரவில்லை. "கடன் கட்ட முடியாம ஏலத்துல போறதுக்கு முன்னாடி, நீ நிக்கிற இந்த இடம்தான் எங்க கடலைக் காடு."