மூன்று ராக்குகளுக்கு ஓர் அறை

சுவர் காய்ந்துதான் இருந்தது. கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சரியான ஈரம், சேர்" என்றேன்.

தோட்டத்தை நடத்தும் துரை நெற்றியைச் சுருக்கினார்.

எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில். என் பெயர் யோகராஜ் என்று அவருக்குத் தெரியும். கொழும்பிலிருந்து வந்தவன் என்பதால் கொழும்புக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் என்று நானும் சொல்லப் போகவில்லை.

நாங்கள் நின்றது பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். விட்டத்தில் பதினொரு சேலைத் தொட்டில்கள். பதினொன்றிலும் நல்ல தூக்கம். ஆயா புஷ்பம் மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

கம்பெனியின் ஒன்பது தோட்டத்துக் கம்பியூட்டர்களையும் ஒன்றாக இணைக்கும் சர்வர் அறையை இங்கேதான் போட வேண்டும் என்பது துரையின் திட்டம். இடம் சரியா என்று பார்த்துப் படம் வரையத்தான் கம்பெனி என்னை அனுப்பியிருந்தது. ஃபெக்டரி பக்கத்தில் இருக்கிறது. ஜெனரேட்டர் கூப்பிடு தூரம். சுவர் இரண்டடிக் கருங்கல், வெயில் உள்ளே ஏறாது. உண்மையைச் சொன்னால், றக்வான பக்கத்தில் இதைவிட நல்ல அறை எனக்குக் கிடைக்காது.

அதனால்தான் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை உர மூட்டை அடுக்க எடுத்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா தங்கச்சியை மலைக்குத் தூக்கிக்கொண்டு போய், தேயிலைச் செடிக்கடியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார். அட்டை கடித்த தழும்புகள் அவள் காலில் இன்னும் இருக்கின்றன. அதே அநியாயத்துக்கு இன்னொரு தோட்டத்தில் நானே கையெழுத்துப் போடுவதா?

ஆறு மாதத்தில் சர்வர் அடுக்கும் இரும்பு ராக்கெல்லாம் துருப்பிடித்துவிடும் என்று அடித்துவிட்டேன். கருங்கல்லில் கேபிளுக்குத் துளை போட முடியாது என்றேன். ஏசி ஓட ஓடச் சுவர் வியர்க்கும் என்றேன். படித்த படிப்பு இதற்காவது உதவட்டும்.

துரை வாதாடவே இல்லை. கொஞ்ச நேரம் தொட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மேலே ஒரு புதுக் கட்டிடம் பூட்டிக் கிடக்கிறது, வேறொன்றுக்குக் கட்டியதுதான், ராக்கை அங்கே வைத்துவிட்டு அந்த வேலையைத் தள்ளிப்போடலாம் என்றார்.

எதற்குக் கட்டியது என்று நான் கேட்கவில்லை. துரைமாருக்கு ஒரு கிளப்பாக இருக்கும், இல்லாவிட்டால் விருந்தாளிகளுக்கு அறையாக இருக்கும். அது தள்ளிப்போனால் யாருக்கு என்ன நட்டம்?

மேலே போய்ப் பார்த்தோம். கதவுக்கு மேல் அந்த வருடத்தையே, 2006 என்று, சிமெண்டில் பதித்திருந்தது. உள்ளே பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. தரையெல்லாம் வெள்ளை டைல்ஸ்.

என் கை தானாகவே வரையத் தொடங்கியது. நடுவில் வரிசையாக மூன்று ராக். முகம் ஏசி பக்கம், முதுகு சுவர்ப் பக்கம். குளிர் முன்னால் நுழைய வேண்டும், சூடு பின்னால் போக வேண்டும். ஆள் போய் வேலை செய்யப் பின்னால் மூன்றடி. கேபிளெல்லாம் தலைக்கு மேல், கரண்ட் வயர் ஒரு பக்கமும் நெட்வேர்க் வயர் மறு பக்கமுமாக. ஏசி இரண்டு, ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வெடுக்கும்.

ஜன்னல்கள் மிகவும் தாழ்வாக இருந்தன. கல் வைத்து அடைக்கச் சொன்னேன். கை கழுவும் தொட்டிகள் முழங்கால் உயரத்தில் வரிசையாக நின்றன. எந்த மேசன் பாஸ் அளவெடுத்தாரோ என்று சிரிப்பு வந்தது. சர்வர் அறையில் தண்ணீர்க் குழாய் ஆகாது, உடைத்துவிடுங்கள் என்றேன்.

துரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒபிசுக்கு வந்து படத்தில் கையெழுத்துப் போட்டேன். கிளார்க் அப்போதே கொழும்புக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்.

வேனுக்கு நடந்து வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு துரையை ஏமாற்றிப் பதினொரு பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டேன் அல்லவா.

பிள்ளைக்காம்பரா வாசலில் புஷ்பம் மடித்த துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"தம்பி, தொர உங்கள யோகராஜ்னு கூப்பிட்டாரே, நம்ம ஆளுதானே? கரண்டு வேலைக்கா வந்தீங்க? மேல எங்க புதுக் காம்பராவுக்கு எப்ப லைட்டு குடுப்பீங்க? ஒண்ணாந்தேதி புள்ளைகள எல்லாம் அங்க கூட்டிக்கிட்டுப் போறோம்."

மேலே பூட்டிக் கிடந்த கட்டிடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

லயத்துப் பிள்ளைகளுக்கு டைல்ஸ் போட்டு ஒரு கட்டிடம் கட்டுவார்கள் என்று, லயத்தில் பிறந்த எனக்குத் தோன்றவே இல்லை. துரைக்குக்கூடத் தோன்றியிருக்கிறது.

ஒபிசுக்குத் திரும்பிப் போக இரண்டு நிமிடம். பழைய சுவரில் ஈரமே இல்லை என்று சொன்னால் போதும். ராக் கீழே வரும், பிள்ளைகள் மேலே போவார்கள். அப்படியென்றால் ஏன் பொய் சொன்னாய் என்று துரை கேட்பார். கொழும்புக்குப் போன் பறக்கும். நாளைக்கே எனக்கு வேலை இருக்காது.

டிரைவர் ஹோன் அடித்தார். புஷ்பம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சீக்கிரம் குடுத்துருவாங்க, அக்கா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன்.