அஞ்சு தடவையும் ஒரே பெட்டி

"பாட்டு ஓடறப்ப நீ உள்ள இருக்கக் கூடாது மச்சான். செஞ்சவன் மூஞ்சியப் பாத்தாலே எது அவனுதுன்னு தெரிஞ்சிடும். போய் வாசல்ல உக்காரு."

அறிவுச்செல்வன் இப்படிச் சொன்னதும், கவியரசன் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனான்.

ஜெயசுதாவுக்கு ஆத்திரமாக வந்தது. பொண்டாட்டியின் தம்பியிடம் கூடவா இவ்வளவு கறார்?

அறிவுச்செல்வன் நிலம் அளக்கும் சர்வேயர். பங்காளி காடானாலும் ஒரு சாண் கூட்டி அளந்தவரில்லை. பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். கச்சிராயபாளையத்தில் அந்த வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையானால் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அவரிடம் வெளிநாட்டு பிரீஆம்ப் ஒன்று இருந்தது. சின்னப் பெட்டிதான். ரெக்கார்டிலிருந்து ஊசி எடுத்துத் தரும் முணுமுணுப்பை வாங்கி, பதமாக்கி, பெரிய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும். அதே மாதிரி ஒன்றைக் கவியரசன் மூன்று மாதம் உட்கார்ந்து கையாலேயே செய்து, துண்டில் சுற்றி, கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டு வந்திருந்தான்.

அவனுடைய டிவி ரிப்பேர் கடைக்கு இப்போது யாரும் வருவதில்லை. பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"மாமா காதுக்கு என் பெட்டி தேறிச்சின்னா கடைய மூட மாட்டேங்க்கா. இத மாதிரி செஞ்சி குடுத்தே பொழைச்சிக்குவேன். இல்லன்னா நாளைக்கு பெங்களூர் பஸ்ஸுதான்" என்று காலையில் சொல்லியிருந்தான்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. அவன் மனசு ஒடிஞ்சிடும்" என்றாள் ஜெயசுதா.

"மனசு வேற, காது வேற. நீ போய் பெட்டியாண்ட நில்லு."

கொடியில் ஒரு பழைய புடவை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் அறிவுச்செல்வன் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில். இந்தப் பக்கம் இரண்டு பெட்டிகளும், ரெக்கார்டு பிளேயரும், ஜெயசுதாவும். ஒரு ஸ்விட்சை இடது பக்கம் தள்ளினால் தம்பி பெட்டி பாடும். வலது பக்கம் தள்ளினால் வெளிநாட்டுப் பெட்டி. ஒரே பாட்டு இரண்டிலும் அடுத்தடுத்து ஓடும்; எது முதலில் என்று அவளே முடிவு செய்து காகிதத்தில் குறித்துக்கொள்ள, எது நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்ல வேண்டும், ஐந்து தடவை.

இரண்டு பெட்டிக் குமிழிலும் கவியரசன் நகப்பாலீஷால் புள்ளி வைத்திருந்தான். "சத்தம் ரெண்டுலயும் ஒரே அளவு இருக்கணும்க்கா. துளி ஜாஸ்தியா இருந்தாலும் காது அதத்தான் நல்லதுன்னு சொல்லிடும்."

நல்லவேளை சொன்னான்.

முதல் தடவை தம்பி பெட்டியின் முறை வந்ததும், ஜெயசுதா அதன் குமிழைப் புள்ளியைத் தாண்டி ஒரு நெல்முனை அளவு தள்ளினாள்.

"ரெண்டாவதா வந்ததுதான் நல்லாருக்கு" என்றது புடவைக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

தம்பி பெட்டி. காகிதத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, குமிழைப் பழையபடி புள்ளிக்கே இறக்கி வைத்தாள்.

அடுத்த தடவையும் அதே.

வெளியே தூறல். ஜன்னலில் கல்வராயன் மலை பாதிக்கு மேல் காணவில்லை. புல்லாங்குழல் ஒரே சுரத்தில் நின்று, நின்று, அப்புறம் மெதுவாக இறங்கியது. மலையிலிருந்து மேகமும் அதோடு இறங்கி வந்து, வீட்டுக்குள் புகுந்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. எந்தப் பெட்டி, யார் பெட்டி என்பதெல்லாம் எங்கோ போயிற்று. ஓடையில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் போல, அவள் அப்படியே இருந்தாள்; ஸ்விட்சைக் கை தானாகத் தள்ளியதோடு சரி.

பாட்டு நின்றதும்தான் திடுக்கென்றது. இது மூன்றாவது தடவை. குமிழை ஏற்றவே இல்லை.

"மொதல்ல வந்தது" என்றார் அறிவுச்செல்வன்.

காகிதத்தைப் பார்த்தாள். முதலில் வந்தது தம்பி பெட்டி.

அடுத்த இரண்டு தடவையும், எதற்கு வம்பு என்று, மறக்காமல் ஏற்றிவிட்டாள்.

கவியரசன் உள்ளே வந்தபோது மாமாவே காகிதத்தை நீட்டினார். ஐந்து கோடும் ஒரே பக்கம். அவன் பெட்டியைக் கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவினான்.

"அப்ப பெங்களூருக்குப் போன் போட்டு, வரலன்னு சொல்லிடட்டா மாமா?"

"சொல்லிடு. பெட்டி இங்கயே இருக்கட்டும்."

குடையைக் கூட எடுக்காமல் தூறலிலேயே பஸ்ஸுக்கு ஓடினான்.

சாப்பாடு போடும்போது ஜெயசுதாவால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, கோவிச்சிக்காதீங்க. நான் ஒரு திருட்டுத்தனம் பண்ணிட்டேன். நாலு தடவ அவன் பெட்டிய மட்டும் கொஞ்சம் சத்தமா வெச்சேன்."

"தெரியும். கொழம்ப ஊத்து."

"ஆனா மூணாவது தடவ மறந்துட்டேங்க. சாமி சத்தியமா ஏத்தல. அப்பவும் நீங்க அதத்தான சொன்னீங்க? அப்ப நெசமாவே அதுதான ஒசத்தி?"

அறிவுச்செல்வன் சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தார்.

"நீ ஊசிய வெக்கறதுக்கு முன்னாடியே எது யாருதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும். அவன் பெட்டில உம்முனு ஒரு எரைச்சல் ஓடிக்கினே இருக்குது. கடைய பஸ் ஸ்டாண்டு எதுர்ல வெச்சிக்கினு இருக்கறான். ஆரன் சத்தத்துல அது அவன் காதுல வுழுந்தே இருக்காது."

ஜெயசுதா கரண்டியோடு நின்றாள். "அப்ப தெரிஞ்சேதான் அஞ்சு தடவையும்...? நாளைக்கு வேற யாராவது அந்தக் கொறைய சொன்னா அவன் இன்னா பண்ணுவான்?"

"வேற யாரு சொல்றது? நாந்தான் சொல்லப் போறேன், வர்ற ஞாயித்துக்கிழம. ஒரு வயர மாத்திப் பத்தவெச்சா போயிடும். ஆனா, சரி பண்றதுக்கு அவன் ஊர்ல இருக்கணும் இல்ல?"