இழுத்துப் பார்த்தாச்சா?

“ஐயோ, இழுக்காதீங்க சிஸ்டர்!”

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தவர் அலறினார். கல் அடைத்துச் சிறுநீரகத்தில் தேங்கிய நீரை வெளியே தொங்கும் பையில் இறக்க, முதுகு வழியாகப் போட்ட டியூப் அது. நேற்று போட்டது நழுவிவிட்டது. இன்று காலை மறுபடி குத்திப் போட்டிருந்தார்கள். இதுவும் நழுவினால் மூன்றாவது குத்து.

“நான் என்ன சார் பண்றது? டியூபைச் சரிபார்க்கிற ஆடிட் ஃபார்ம்ல ஏழாவது கேள்வி. ‘டியூப் இறுக்கமாக உள்ளதா என்று இழுத்துப் பார்த்தாச்சா?’ ஷிப்டுக்கு ஒரு தடவை டிக் போடணும்” என்றாள் நர்ஸ்.

“இழுத்தா எப்படிம்மா நிக்கும்?”

“டியூப் நழுவுறதைக் குறைக்கத்தான் சார் இந்த ஃபார்மே வந்துச்சு. போன வருஷம் முழுக்கப் பத்துப் பேருக்கு நழுவிச்சாம்.”

“இப்ப?”

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “இந்த மாசம் மட்டும் பன்னெண்டு. உங்களோட சேர்த்து.”

அவர் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார். “இதை எழுதினவன் சரியான மடையனா இருக்கணும்.”

“அப்படிச் சொல்லாதீங்க. பெரிய ஆஸ்பத்திரி டாக்டராம். இதுக்காக விருதுகூடக் கொடுத்தாங்களாம். இப்ப எல்லா ஆஸ்பத்திரியிலயும் இந்த ஃபார்ம்தான்.”

“விருது வேறயா! அவனை அவன் வீட்டுலயே யாரும் மதிக்க மாட்டாங்க.”

“அதென்னவோ வாஸ்தவம்தான்” என்றாள், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி.

நர்ஸ் மறுபடி டியூபைப் பிடித்தாள்.

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சிஸ்டர், இழுக்காமலே டிக் போட்டுடுங்க!”

“பொய் டிக் போட்டா என் வேலை போயிடும்.”

“அப்போ அந்தக் கேள்வியையே அடிச்சிடுங்க.”

“எழுதின டாக்டர் சொன்னாத்தான் அடிக்க முடியும். சந்தேகம் கேக்க அவர் நம்பர் இதுலயே இருக்கு. இருங்க, கேட்டுடுறேன்.”

“வேண்டாம், வேண்டாம்!” அவர் பதறினார்.

“நீ கூப்பிடும்மா. நல்லா நாலு வார்த்தை கேளு” என்றாள் மனைவி.

நர்ஸ் எண்களை அழுத்தினாள்.

நோயாளியின் தலையணைக்கு அடியில் மணி அடித்தது.

அவர் போனை எடுத்துக் காதில் வைத்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “ஹலோ... மடையன்தான் பேசுறேன். அந்த ஏழாவது கேள்வியை அடிச்சிடுங்க சிஸ்டர்.”