கை தூக்கிய நிழல்

எந்தத் தெருவை வரைந்தாலும் எஸ்தர் முதலில் நிழல்களைத்தான் போடுவாள். கட்டடங்கள் காத்திருக்கும், வெயில் காத்திருக்காது. அன்று காலை டீக்கடைக்கு எதிரே பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தபோது, சாலையின் குறுக்கே நீளமாக ஒரு ஆளின் நிழல் விழுந்திருந்தது. அதன் ஒரு கை மேலே தூக்கியிருந்தது. தரையை மட்டுமே பார்த்து அவசரமாக அதைத் தீட்டிவிட்டு நிமிர்ந்தாள். அங்கே யாரும் இல்லை.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து படத்தைப் பார்த்தார்கள். ஆட்டோக்கார மரியதாஸ், அது தன் நிழல்தான் என்று வெயிலில் போய்க் கையைத் தூக்கி நின்றும் காட்டினார். தொப்பை ஒத்துவரவில்லை. சிரித்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள்.

கடைக்காரி சகாயராணி மட்டும் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி நின்றாள்.

“ஏம்மா, இவரு போறப்பக் கை காட்டுறாரா, இல்ல வந்துட்டேன்னு காட்டுறாரா?”

“நிழல்ல முகம் தெரியாதேக்கா.”

“அப்ப வந்துட்டாருன்னே இருக்கட்டும்.”

முன்பு தன் வீட்டுக்காரருக்குப் போட்டதுபோலவே பாலும் சீனியும் சேர்க்காமல் ஒரு டீ போட்டு, ஆளில்லாத பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கண்ணாடித் தம்ளரின் நிழல் பெஞ்சில் நீண்டு கிடந்தது. உள்ளே டீ இருந்ததால் நிழலின் நடுவே செம்பழுப்பாக ஒரு வெளிச்சம். வழக்கம்போல் எஸ்தர் முதலில் அதைத் தீட்டினாள். நிமிர்ந்தபோது தம்ளர் அதே இடத்தில்தான் இருந்தது. டீ இல்லை.