பத்தாயிரத்து ஒன்றாவது அகல்

அந்தக் கோயிலில் விளக்குகளைச் சம வரிசைகளாகத்தான் வைப்பார்கள். எந்த விளக்கும் தனித்து நிற்கக் கூடாது. நூறு வரிசை, வரிசைக்கு நூறு என்று பத்தாயிரம் அகல்களையும் கணக்கு டீச்சர் பிரமநாயகி முற்றத்தில் அடுக்கி முடித்தபோது, இசக்கியம்மாள் ஓர் அகலோடு ஓடி வந்தாள்.

"டீச்சர், எம்மவனுக்கு இன்னைக்கு ஆபரேஷன். இதையும் வச்சிருங்க."

"ஒண்ணுக்காக வரிசையக் கெடுக்க முடியுமா தாயி?" என்றார் தர்மகர்த்தா தாணுலிங்கம்.

பிரமநாயகி அம்மனை நினைத்துக்கொண்டு மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். மூன்றால் போகவில்லை, ஏழால் போகவில்லை. எழுபத்து மூன்றால் மீதியில்லாமல் போயிற்று.

"எழுபத்தி மூணு வரிசை, வரிசைக்கு நூத்தி முப்பத்தேழு. சரியா வருது."

"அதுக்கு அம்புட்டையும் பிரிச்சு அடுக்கணுமே! கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"பொழுது சாய நேரமிருக்கு. நீங்களும் கொஞ்சம் குனிங்க, அண்ணாச்சி."

முணுமுணுத்துக்கொண்டே அவரும் குனிந்தார். இசக்கியம்மாளின் அகல் நடுவரிசையில் அமர்ந்து, திரியேற்றப் போகும் வேளையில், வாசலில் ஒரு கிழவர் கையில் அகலோடு தயங்கி நின்றார்.

தாணுலிங்கம் தலையில் கைவைத்தார். "இப்ப என்ன செய்யப் போறீய டீச்சர்?"

"இப்ப இரட்டைப்படை, அண்ணாச்சி. ரெண்டே வரிசை போதும். தெருவுக்கு ரெண்டு பக்கமும் வச்சுக்கிட்டே போவோம்," என்று சொல்லி, பிரமநாயகி முதல் அகலை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.