பேரில்லாத மாத்திரை

"இதோ, இதுதான் டாக்டர் அந்த விஷம்! இவ கடையிலேர்ந்து வந்தது!"

அண்ணி கைப்பையைத் துழாவினாள். மேலே கிடந்த நீல நிற அட்டைகளை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து வெள்ளி நிற மாத்திரை அட்டை ஒன்றை உருவி மேஜையில் விட்டெறிந்தாள்.

மருந்துக்கடைக்காரி அதை எட்டிப் பார்த்தாள்; அவள் கடை அட்டைதான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடப்பது அவளுடைய அண்ணன். 'கம்பவுண்டரம்மா' என்று பார்க்கும்போதெல்லாம் அவளை வம்புக்கு இழுக்கிற வாய், இப்போது ஒரு குழாயைக் கவ்விக்கொண்டிருந்தது.

நாலு நாளைக்கு முன்னால் அவனுக்குக் காய்ச்சல் என்றதும் ஓடிப்போய் அந்த அட்டையைக் கொடுத்தது அவள்தான். அண்ணி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னடி இது, கேள்விப்பட்ட பேரா ஒண்ணும் காணோம்? விலையும் கால்வாசி. உன் அண்ணன்னா அவ்வளவு இளப்பமா?"

"பேரெல்லாம் அட்டைக்குத்தான் அண்ணி. உள்ள இருக்கிற மருந்து ஒண்ணேதான். வேளைக்கு ஒண்ணு, நாளைக்கு மூணு. அதுக்கு மேல வேணாம்."

இப்போது டாக்டர் அந்த அட்டையை விரலால் தடவி எண்ணினார்.

"பதினஞ்சுல பன்னெண்டு போயிருக்கு. நாலு நாளுக்குச் சரியாத்தான் இருக்கு. ஆனா ரத்தத்துல காய்ச்சல் மருந்து தாறுமாறா ஏறிக் கிடக்கு. மூணு மடங்கு சாப்பிட்டவர் மாதிரி. ஈரல் படுத்துடுச்சு."

"அப்போ ஒரு மாத்திரைக்குள்ள மூணு மாத்திரைய அடைச்சு விக்கிறானுங்க!" அண்ணி மார்பில் அடித்துக்கொண்டாள். "மட்டச் சரக்குன்னு அன்னிக்கே சொன்னேனே, கேட்டாளா இவ?"

"வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல டாக்டர். காய்ச்சல் மாத்திரையத் தவிர வேற ஒண்ணும் அவர் வாயில படல."

மருந்துக்கடைக்காரி நினைத்துப் பார்த்தாள். அதே பெட்டியிலிருந்து நேற்று தலைவலிக்கு அவளே ஒன்று போட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதை நம்பி ஊரார் உயிரைப் பணயம் வைக்க முடியுமா? கடையில் நிற்கும் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"அந்தக் காய்ச்சல் மாத்திரைய இனி யாருக்கும் குடுக்காத. இருக்கறதை எல்லாம் எடுத்துத் தனியா வை."

"ஐயோ அக்கா, காலையிலேர்ந்து ஏழு பேருக்குக் குடுத்துட்டேனே! அதுல ஒரு கைக்குழந்தைக்காரி வேற... ஏன்க்கா, என்ன ஆச்சு?"

போன் தானாக நழுவி மடியில் விழுந்தது. எழுந்தவள் அப்படியே அண்ணியின் காலில் சரிந்தாள்.

"அண்ணி... அண்ணனை நானே கொன்னுட்டேன் அண்ணி. என்னை மன்னிச்சிடுங்க."

அண்ணி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "சீ, தொடாத!"

டாக்டர் பெருமூச்சு விட்டார். "வாந்தி ஆரம்பிச்சே ரெண்டு நாள் ஆச்சுங்கறீங்க. இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். கைப்பையிலிருந்து அந்த நீல நிற அட்டைகள் இரண்டையும் எடுத்து, டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவற்றில் ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை.

"சும்மா உக்காந்திருந்தேன்னு நெனச்சீங்களா டாக்டர்? இவ மாத்திரை கேக்காதுன்னு தெரிஞ்சுதான், ஒவ்வொரு வேளையும் அதோட சேர்த்து நல்ல கம்பெனி காய்ச்சல் மாத்திரை ரெண்டு குடுத்துட்டே வந்தேன். எந்தப் பொண்டாட்டி இவ்வளவு பாத்துப்பா, நீங்களே சொல்லுங்க?"